மூக்கே மூலதனம் – சென்ட் கலைஞர் ழான்-குளோத் எல்லெனாவிடம் நாம் கற்கும் பாடம்



இந்த மாதப் பாடம் கணக்கு பற்றியதும் இல்லை, கடன் பற்றியதும் இல்லை. மணம் பற்றிய பாடம். "சென்டுக்கும் சங்கத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்க கேட்பது எங்கள் காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கு. நம்ம குழுக்களில் ஊதுபத்தி உருட்டுகிறவர்கள் இருக்காங்க. சோப்பு, பினாயில், குளியல் பொடி, மசாலாப் பொடி செய்கிறவர்கள் இருக்காங்க. விடியற்காலையில் எழுந்து மல்லிகை பறிக்கிறவர்களும் இருக்காங்க. இத்தனை பேருக்கும் தினமும் சோறு போடுவதில் மூக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மூக்கை ஒரு தொழில் கருவியாக நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

மூக்கையே கருவியாக வைத்து உலகம் முழுவதும் பெயர் வாங்கிய ஒருவரின் வாழ்க்கையையும், அவர் வேலை செய்த முறையையும் இங்கே பார்ப்போம். கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். கடைசியில் ஒரு பயிற்சியும் சில கேள்விகளும் இருக்கு.

பூவும் தோலும் வளர்த்த ஊர்

பிரான்ஸ் நாட்டின் தெற்கில், கடலுக்குச் சற்று மேலே மலைச்சரிவில் கிராஸ் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் அங்கே தோல் பதனிடுவதுதான் முக்கியத் தொழில். தோல் பதனிடும் இடத்தில் நாற்றம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பணக்காரர்கள் போடும் தோல் கையுறைகளில் அந்த வாடை தெரியாமல் இருக்க, அவற்றுக்கு மணம் ஏற்ற ஆரம்பித்தார்கள். அதற்காகச் சுற்றிலும் மல்லிகையும் ரோஜாவும் பயிர் செய்தார்கள். நாளடைவில் தோல் தொழில் போயிற்று, வாசனைத் தொழில் நின்றது. அந்த வட்டாரத்தில் பூச்செடி வளர்ப்பது, மூலப்பொருளை அறிவது, மணம் கலப்பது ஆகிய திறமைகளை 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது.

கிராஸில் வளர்ந்த மல்லிகையை நாம் பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்லுவோம். அது இரவில் மலரும். வெயில் ஏறினால் மணம் இறங்கிவிடும். அதனால் விடியும் முன்பே பறிக்க வேணும். பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூடை, குனிந்த முதுகு, பனியில் நனைந்த விரல். இதை உங்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பாட்டியோடு பூப்பறித்த பையன்

1947-ல் அந்த ஊரில் பிறந்தவர்தான் ழான்-குளோத் எல்லெனா. சிறு வயதில் பாட்டியோடு மல்லிகை பறிக்கப் போனார். பறித்த பூ வாசனைத் தொழிற்சாலைகளுக்கு விற்பனையானது. அவருடைய அப்பாவும் வாசனைத் தொழிலில்தான் இருந்தார்.

பையனுக்குப் படிப்பில் பெரிய நாட்டமில்லை. 16 வயதில் அந்துவான் ஷிரிஸ் என்ற பழைய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இரவு வேலையும் பார்த்தார். பூவையும் வேரையும் இலையையும் கொட்டிக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் இடம் அது. மூட்டை எப்படி வருகிறது, எது முதலில் கொதிக்கிறது, எந்த எண்ணெய் எந்த நிறம், எது கெட்டுப்போனால் எப்படி நாறும் என்று எல்லாவற்றையும் கீழிருந்தே தெரிந்துகொண்டார்.

1968-ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் ழிவோதான் என்ற நிறுவனம் வாசனைக் கலைஞர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. எல்லெனா அதில் மாணவராகச் சேர்ந்தார். படிப்புக்காலம் முழுவதும் முடியும் முன்பே அவருக்கு இளநிலைக் கலைஞர் வேலை கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேணும். அவர் உழைத்தார், திறமையும் இருந்தது. ஆனால் கதவு திறந்ததற்கு, அப்பா அந்தத் தொழிலில் இருந்ததும் ஒரு காரணம். பாட்டி கையும் அதே பூவைத்தான் தொட்டது. பாட்டியைப் போன்ற பெண்களை அந்தக் காலத்தில் யாரும் பள்ளிக்கு அழைக்கவில்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்க. பின்னால் மறுபடியும் பேசுவோம்.

சென்ட் செய்கிறவர் என்ன செய்கிறார்?

பிரான்ஸ் நாட்டில் சென்ட் கலைஞரை 'மூக்கு' என்றே சொல்லுவார்கள். ஆனால் மூக்கு எல்லோருக்கும் இருக்கு. வித்தியாசம் மனப்பாடத்தில் இருக்கு. நம்ம வீட்டில் அஞ்சறைப் பெட்டியைத் திறக்காமலே எது சீரகம், எது சோம்பு என்று சொல்லிவிடுவோம். அதுபோல சென்ட் படிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கான பொருள்களின் மணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழக வேணும். இதற்குச் சில வருடங்கள் ஆகும். சின்னக் காகிதக் கீற்றின் நுனியை எண்ணெயில் நனைத்து மோந்து பார்த்துப் பழகுவார்கள்.

பொருள்கள் இரண்டு வகை. ஒன்று, பூ, வேர், தோல், பட்டை, பிசின் இவற்றிலிருந்து எடுப்பது. மற்றொன்று, ஆய்வுக்கூடத்தில் செய்வது. இன்று கடையில் விற்கும் பெரும்பாலான சென்டில் இரண்டும் கலந்திருக்கும்.

எல்லா மணமும் ஒரே நேரம் தங்காது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மணம் முதலில் வந்து முதலில் போய்விடும். மல்லிகை, ரோஜா நடுவில் நிற்கும். சந்தனமும் வெட்டிவேரும் கடைசிவரை தங்கும். ஆகவே சென்ட் கலைஞர் பூசிய நிமிடத்தை மட்டும் யோசித்தால் போதாது. ஒரு மணி நேரம் கழித்து எப்படி, சாயங்காலம் எப்படி என்றும் யோசிக்க வேணும். திறந்தவுடன் கமகமவென்று இருந்து ரெண்டே நாளில் மணம் போன ஊதுபத்தி பாக்கெட்டை நாம் பார்த்திருக்கோம் இல்லையா? வேகமாகப் பறக்கும் மணத்தை மட்டுமே நம்பினால் அப்படித்தான் ஆகும்.

முதல் பெரிய வெற்றி

1976-ல் வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் என்ற நகை நிறுவனத்துக்காக எல்லெனா 'ஃபர்ஸ்ட்' என்ற சென்டைச் செய்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி மல்லிகை, ரோஜா என்று பணக்காரப் பூக்களையெல்லாம் சேர்த்து, நிறையப் பொருள்கள் போட்டுச் செய்த சென்ட் அது. கல்யாண வீட்டு விருந்து இலை மாதிரி எல்லாமே இருக்கும். நன்றாக விற்றது, அவருக்குப் பெயரும் வந்தது.

வேறு ஒருவராக இருந்தால் அதே மாதிரி இன்னும் பத்து செய்து காலம் தள்ளியிருக்கலாம். எல்லெனா அப்படிச் செய்யவில்லை. அதற்குக் காரணம் எத்மோன் ருத்னிட்ஸ்கா என்ற மூத்த கலைஞர். ருத்னிட்ஸ்கா கிராஸுக்குப் பக்கத்தில் கப்ரீ என்ற சிற்றூரில் இருந்தவர். 1966-ல் 'ஒ சொவாழ்' என்ற புகழ்பெற்ற சென்டைச் செய்தவர். பொருள்களைக் குவிப்பது கலை அல்ல, எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரிவதுதான் கலை என்பது அவர் கொள்கை. அவர் எழுதியதைப் படித்த எல்லெனா தன் வேலையைத் திரும்பிப் பார்த்தார். வருடம் செல்லச் செல்ல அவருடைய கலவைகளில் பொருள்கள் குறைந்துகொண்டே வந்தன.

தேநீரில் ஒரு சென்ட்

மணம் என்றால் பூ என்று எல்லோரும் நினைத்த காலத்தில் எல்லெனா தேநீரை நினைத்தார். பாரிஸ் நகரத்தில் பழைய தேயிலைக் கடை ஒன்றில் பல வகைத் தேயிலைகளை மோந்து மோந்து குறிப்பெடுத்தார். பிறகு கலவையில் உட்கார்ந்தார். தேயிலையைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கவில்லை. இரண்டு பொருள்களைச் சேர்த்தாலே பச்சைத் தேயிலை மணம் மூக்கில் தோன்றுகிறது என்று கண்டுபிடித்தார். ஒன்று அயோனோன், அது வயலட் பூ மணம் கொண்டது. மற்றொன்று ஹெடியோன். அது முதலில் மல்லிகையில் கண்டறியப்பட்டு, பிறகு ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட பொருள்.

அந்த யோசனை எடுத்த எடுப்பில் ஏற்கப்படவில்லை. பிறகு பல்காரி என்ற நகை நிறுவனம் அதை வாங்கி 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. ஒரு சாதாரண தேநீர்க் கோப்பையின் மணம் உலகமெங்கும் விற்றது. அதன் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் தேநீர் மணத்தில் சென்ட் செய்தன.

இதேபோல இன்னொரு வித்தையையும் அவர் காட்டுவார். வனிலா மணம் தரும் வனிலினையும், தேன் மணம் கொண்ட ஒரு வேதிப்பொருளையும் தனித்தனிக் காகிதக் கீற்றில் நனைத்துச் சேர்த்துப் பிடித்தால் சாக்லேட் மணம் வரும். சாக்லேட் அங்கே துளியும் இல்லை. மூக்கு தானாகவே நினைவிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது. கோலத்தில் நாலு புள்ளி, ரெண்டு வளைவு போட்டால் மயில் தெரிகிறதல்லவா? அதே மாதிரி.

நைல் நதிக்கரையில் மாங்காய்

2004-ல் பாரிஸில் உள்ள எர்மெஸ் நிறுவனம் எல்லெனாவைத் தன் சொந்த சென்ட் கலைஞராக நியமித்தது. 1837-ல் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. அவர் நகரத்து அலுவலகத்துக்குப் போகவில்லை. கப்ரீயில் மலைமேல் இருந்த வீட்டிலேயே வேலை செய்தார்.

'நைல் நதியின் மேல் ஒரு தோட்டம்' என்று ஒரு சென்ட் செய்ய வேணும் என்று முடிவாயிற்று. எகிப்து நாட்டின் ஆஸ்வான் ஊருக்குப் போனார்கள். தாமரை, மல்லிகை, மசாலாச் சந்தை என்று எகிப்து என்றதும் மனசில் தோன்றும் மணங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அவற்றில் எதுவும் அவருக்குப் புதிதாகப் படவில்லை. கடைசியில் ஆற்றோரத் தோட்டத்தில் மாமரம். கிளையில் காய் தொங்குகிறது. அவர் அதைப் பிடித்து மோந்தார். பிசின் வாடை, ஆரஞ்சுத் தோல், கேரட் என்று அந்த ஒரு மணத்துக்குள் பல மணம் இருப்பதைக் குறித்துக்கொண்டார்.

மாங்காயிலிருந்து அந்த மணத்தை அப்படியே எண்ணெயாக எடுத்துவர முடியாது. அதனால் வீட்டுக்குத் திரும்பி, பம்பளிமாஸ் இனத்துப் பழமான கிரேப்ஃப்ரூட் போன்ற மணங்களைச் சேர்த்து, மாங்காய் போலத் தோன்றும் மணத்தை உருவாக்கினார். 2005-ல் அந்த சென்ட் வெளிவந்தது. ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் கூடவே இருந்து அது உருவான கதையை எழுதியதால், பூட்டிய அறைக்குள் நடக்கும் இந்தத் தொழிலைப் பற்றி வெளியுலகம் தெரிந்துகொண்டது.

நம்ம ஊரில் மாங்காய் மணம் தெரியாத குழந்தை உண்டா? காம்பை ஒடித்தால் வடியும் பால், கையில் ஒட்டும் பிசின், பல்லைக் கூசவைக்கும் புளிப்பு என்று எல்லாம் நமக்கு அத்துப்படி. தெரிந்திருந்தும் "இதெல்லாம் ஒரு மணமா?" என்று விட்டுவிடுகிறோம்.

மழை விட்ட பிறகு

2008-ல் கேரளத்தை மனதில் வைத்து 'பருவமழைக்குப் பின் ஒரு தோட்டம்' என்ற சென்டைச் செய்தார். கேரளம் என்றால் ஏலம், மிளகு, இஞ்சி. வெளிநாட்டார் இவற்றைக் காரமாக, சூடாகத்தான் காட்டுவார்கள். எல்லெனா அதே பொருள்களை எடுத்து, மழை நின்றபின் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் போலக் குளிர்ச்சியாகக் காட்டினார். 2006-ல் வந்த 'தெர் தெர்மெஸ்' என்ற ஆண்களுக்கான சென்டில் ஆரஞ்சும் மரமும் வெட்டிவேரும் சேர்ந்து மண்வாசனையைத் தருகின்றன. அவருடைய படைப்புகளில் மிக அதிகமாகப் பேர் வாங்கியவற்றில் அது ஒன்று.

மண்வாசனை என்றதும் நம்ம நாட்டையும் சொல்லியாக வேணும். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் பல தலைமுறைகளாக 'மிட்டி அத்தர்' என்று மண் அத்தர் எடுக்கிறார்கள். சுட்ட களிமண் வில்லைகளைச் செம்புப் பானையில் தண்ணீரோடு இட்டுக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிப்பார்கள். முதல் மழை மண்ணில் விழும் மணம் குப்பிக்குள் வந்துவிடும்.

2014-ல் கிறிஸ்தீன் நாழெல் என்ற பெண் கலைஞர் எர்மெஸில் சேர்ந்தார். 2016-ல் எல்லெனா விலகியபோது அவர் அந்த இடத்துக்கு வந்தார். அவர் கிராஸ் பரம்பரையில் வந்தவர் அல்ல. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்கி மேலே வந்தவர். எல்லெனாவின் மகள் செலீனும் சென்ட் கலைஞர். எல்லெனா ஓய்ந்து உட்காரவில்லை. 2019-ல் வேறொரு நிறுவனத்துக்காக ஒரு ரோஜா சென்டைச் செய்தார்.

அவருடைய வேலை முறை

எல்லெனாவின் முறையை ஐந்து பாடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, குறைவான பொருள். சென்ட் கலைஞர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைக்கும். அவர் இருநூறுக்கும் குறைவானவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒவ்வொன்றும் அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி.

இரண்டு, குறிப்பேடு. போகுமிடமெல்லாம் நோட்டு கூடவே வரும். மணம் வந்தவுடன் எழுதிவிடுவார். "அப்புறம் எழுதிக்கலாம்" என்பது கிடையாது.

மூன்று, முதலில் காகிதம், பிறகு குப்பி. எது எத்தனை பங்கு என்று மனசில் யோசித்துத் தாளில் எழுதுவார். உதவியாளர் எடை போட்டுக் கலப்பார். மோந்து பார்த்து, ஒரு பொருளைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி எழுதுவார். இப்படிப் பல முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினோம் என்று தாளில் பதிவாகியிருக்கும்.

நான்கு, பக்கத்திலிருப்பதை மோந்து பார்ப்பது. தேநீர், மாங்காய், மழைக்குப் பின் வரும் ஈரம் எல்லாமே யார் வேண்டுமானாலும் மோந்திருக்கக் கூடியவை.

ஐந்து, பிறரைப் பார்த்துச் செய்யாமல் இருப்பது. சந்தையில் ஓடுவதைப் பிரதி எடுப்பது அவர் வழி அல்ல. அவர் சென்டில் மணம் போதவில்லை, ரொம்ப மென்மை என்று குறை சொன்னவர்களும் உண்டு. அவர் தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. "இது அவர் கை" என்று மோந்தவுடன் தெரியும்படி ஆனது அதனால்தான்.

பூவுக்கும் புட்டிக்கும் நடுவில்

இப்போது பாட்டி விஷயத்துக்கு வருவோம்.

கிராஸில் நிலத்தின் விலையும் கூலியும் ஏறியதால் பூந்தோட்டங்கள் சுருங்கின. வாசனைத் தொழிலுக்கான மல்லிகை எகிப்துக்கும் இந்தியாவுக்கும் நகர்ந்தது. இன்று திண்டுக்கல், மதுரை, கோவை, சத்தியமங்கலம் பக்கத்துப் பூக்களின் சாறு பிரான்ஸ் வரை போகிறது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூ எப்படிச் சாறாகிறது? பூவை ஒரு கரைப்பானில் ஊறவைத்து மணத்தை இறக்குவார்கள். கரைப்பானை நீக்கினால் மெழுகு போன்ற பொருள் கிடைக்கும். அதைச் சாராயத்தில் கழுவி மெழுகைப் பிரித்தால் கெட்டியான தூய சாறு மிஞ்சும். ஒரு கிலோ தூய சாறுக்கு ஏறத்தாழ 700 கிலோ பிச்சிப் பூ வேணும். ஒரு கிலோவில் எட்டாயிரம் பூவுக்குக் குறையாது. பெருக்கிப் பாருங்க: ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் விரலால் கிள்ளியிருக்கிறார். இயந்திரம் பறிக்கவில்லை.

முகூர்த்த நாளில் பூ விலை எங்கேயோ ஏறும். வரத்து கூடிய நாளில் பறித்த கூலிக்கும் கட்டாது. அந்த நாளில்தான் பூ சாறு எடுக்கும் ஆலைக்குப் போகும். புட்டியில் கலைஞர் பெயர் இருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்கும். பறித்தவர் பெயர் இருக்காது.

இதைச் சொல்லி ஆத்திரப்படுவதற்காக இந்தப் பாடத்தை எழுதவில்லை. வித்தியாசம் எங்கே உண்டாகிறது என்று பார்க்கச் சொல்கிறோம். எல்லெனாவின் பாட்டிக்கும் பேரனுக்கும் மூக்கில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. பேரனுக்கு மூன்று விஷயங்கள் கிடைத்தன: ஒவ்வொரு மணத்துக்கும் ஒரு பெயர், எழுதிவைக்க ஒரு நோட்டு, சொல்லிக்கொடுக்க ஓர் இடம். மொட்டைத் தொட்டே "இது சாயங்காலம் விரியும், இது நாளைக்குத்தான்" என்று சொல்லும் பெண்கள் நம்ம குழுக்களில் இருக்காங்க. அந்த அறிவுக்கு நோட்டு இல்லை. எழுதாத அறிவுக்குச் சந்தையில் விலை சொல்ல முடியாது. அவர்களோடேயே அது போய்விடும்.

கூலியை உயர்த்துவதும், நல்ல விலை பேசுவதும் கூட்டமைப்பாகச் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பக்கத்திலேயே, நம்மிடம் உள்ள அறிவைப் பெயரிட்டு எழுதும் வேலையும் நடக்க வேணும். இதற்கு முதலீடு ஒரு நாற்பது பக்க நோட்டுதான்.

நம்ம தொழிலுக்கு எப்படிப் பயன்படும்?

ஊதுபத்தி, சோப்பு செய்யும் குழுக்கள் பத்து மணம் போடுவதைவிட ரெண்டு மணத்தை நன்றாகச் செய்யலாம். பத்து வகைக்கும் பத்து எண்ணெய் வாங்கினால் பணம் புட்டியில் முடங்கும். எந்தப் புட்டி எப்போது பழசாகும் என்றும் தெரியாது.

ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் தேதி, எந்தக் கடை எண்ணெய், எத்தனை கிராம், யார் கலந்தது என்று எழுதுங்க. கண் திட்டம், கை அளவு என்று செய்தால் போன மாதச் சரக்கு மாதிரி இந்த மாதம் வராது. வாங்கியவர் திரும்பி வரமாட்டார். கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று குழுவுக்குச் சொந்தமாக இருக்கட்டும்.

கலந்தவுடன் விற்பனைக்கு அனுப்பாதீங்க. ஒரு பாக்கெட்டைப் பிரித்து வைத்து ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மோந்து குறித்துவையுங்க.

எண்ணெயை அப்படியே தோலில் பூசக் கூடாது. இயற்கையானது என்பதாலேயே தீங்கில்லை என்று அர்த்தமில்லை. சில எலுமிச்சை வகை எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுக்கும், புண்ணாகும். தோலில் பூசும் சோப்பு, கிரீம் போன்றவற்றைத் தயாரித்து விற்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேணும் என்பதையும் மறக்காதீங்க. தொடங்கும் முன்பே விசாரித்துவிட்டால் பின்னால் தொந்தரவு இல்லை.

மேலும் படிக்க விரும்பும் பெண்பிள்ளைகள் இருந்தால், கன்னோஜில் 1991-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் வாசனை மற்றும் சுவை மேம்பாட்டு மையம் பயிற்சிகள் நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்டுப் பாருங்க. பிளஸ் டூ வேதியியல் படிக்கிற பொண்ணுக்கு இப்படி ஒரு தொழில் இருக்கு என்று தெரிந்தால்தானே ஆசை வரும்?

பயிற்சி: பத்து டப்பா

அடுத்த கூட்டத்தில் இதைச் செய்து பாருங்க. செலவு இல்லை.

பத்து சின்ன டப்பாவில் ஏலம், கிராம்பு, சோம்பு, வெட்டிவேர், காய்ந்த எலுமிச்சைத் தோல், மாவிலை, கறிவேப்பிலை, சுக்கு, கற்பூரம், ஈர மண் என்று போட்டு மூடி, அடியில் எண் எழுதுங்க. ஒவ்வொருவரும் கண்ணை மூடி மோந்து பார்க்கட்டும். முதலில் பெயர் சொல்ல வேண்டாம். அந்த மணம் எதை நினைவுபடுத்துகிறது, சூடா குளிர்ச்சியா, மேலே நிற்கிறதா அடியில் தங்குகிறதா என்று சொல்லட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளட்டும். எழுதத் தெரியாதவர் சொல்வதையும் அவர் பெயரோடு எழுதுங்க. பிறகு ரெண்டு டப்பாவைச் சேர்த்துப் பிடித்து மோந்து பாருங்க. மூன்றாவதாக ஏதாவது தோன்றுகிறதா?

நாலைந்து பேர் மோந்த பிறகு மூக்கு களைத்துவிடும். வெளியே போய் நல்ல காற்று வாங்கிவிட்டு வந்து தொடருங்க. சளி பிடித்தவர் அடுத்த வாரம் செய்யலாம். யார் முதல், யார் கடைசி என்று பார்க்க வேண்டாம். மாதம் ஒரு தடவை செய்தால் ஆறு மாதத்தில் உங்க மூக்கு எவ்வளவு பழகியிருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

கூட்டத்தில் பேச

1. நம்ம குழுப் பொருளை வாங்குகிறவர் மூடிய பாக்கெட்டை மோந்தே "இது இவங்க சரக்கு" என்று சொல்வாரா? சொல்லாவிட்டால் ஏன்?

2. எந்த ஒரு பொருளைக் குறைத்தால் நம்ம தயாரிப்பு இன்னும் நன்றாக இருக்கும்?

3. பூப்பறிக்கும் உறுப்பினர்களுக்கு மட்டும் தெரிந்த, வேறு யாரும் எழுதிவைக்காத விஷயங்கள் என்னென்ன? அவற்றை யார் எழுதப் போகிறோம்?

4. பூ ஆலைக்குப் போகும் நாள்களில் எத்தனை கிலோ போயிற்று, என்ன விலை கிடைத்தது என்று குழுவாகக் கணக்கு வைத்திருக்கிறோமா?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, நகலைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்க. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைச் சொன்னவர் பெயரோடும் குழுப் பெயரோடும் மடலில் வெளியிடுவோம். உங்க அறிவு உங்க பெயரிலேயே இருக்கட்டும்.